பாப்பாவுக்கு வந்த பேட்டரி பொம்மைங்க பத்தி

ஏய் புள்ள,

எப்படி இருக்க? பாப்பாவோட மொத பொறந்தநாள் போட்டோ எல்லாம் பாத்தேன், அத்தைகிட்டயும் காமிச்சேன், பட்டுப்பாவாடைல அப்படியே உங்கம்மா ஜாடைன்னு சொன்னாங்க. அண்ணாவுக்கு மதுரைக்கே டிரான்ஸ்ஃபர் கெடச்சது ரொம்ப சந்தோசம்டீ, இனிமே சாயங்காலமாவது பிள்ளையைத் தூக்க ஒரு ஆள் இருக்கும். இங்க அத்தை முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்ப மாடிப்படி ஏறாங்க. நான் திரும்ப வேலைக்குப் போறேன், குட்டி பிளே ஸ்கூல் போறான், வாய் ஓயாம பேசறான்.

வந்த கிஃப்ட்ல பாதிக்கு மேல பேட்டரி பொம்மை, எதைக் குடுக்கறது எதை எடுத்து வைக்கறதுன்னு கேட்டிருந்தல்ல. மொதல்ல இன்னைக்கு ராத்திரியே பாப்பா தூங்கினதும் எல்லாத்தையும் கவுத்துப் போட்டு பேட்டரி மூடியைப் பாரு. மூடில ஸ்க்ரூ இருக்கணும், நகத்தாலயோ காசாலயோ தெறக்க வந்துச்சுன்னா அந்த பொம்மை வேண்டவே வேண்டாம். உள்ள பென்சில் செல் இருந்தா பெரிய பயம் இல்ல, வட்டமா பட்டன் செல் இருந்தாதான் எனக்கு வயித்தைக் கலக்கும். அதுலயும் CR2032ன்னு போட்டிருக்கும் பாரு, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அந்த நம்பரோட அர்த்தமே அதான். கிட்டத்தட்ட ஒரு ரூபா காசு அளவுதான். இந்த வயசுப் பிள்ளை முழுங்கினா உணவுக்குழாய்லயே மாட்டிக்கும், அங்க இருக்கற ஈரத்துல கரன்ட் பாஞ்சு கடுமையான காரம் (அல்கலி) உண்டாகி ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே சதையை அரிச்சிடும், தீந்துபோச்சுன்னு ரிமோட்ல இருந்து கழட்டிப் போட்ட பழைய செல்லும் இதைச் செய்யும். அமெரிக்கால ஒரு ஒன்றரை வயசுக் குழந்தை ரிமோட் செல்லை முழுங்கி 2020 டிசம்பர்ல இறந்துபோச்சு, அந்தக் குழந்தை பேர்லயே 2022ல அங்க சட்டம் கொண்டுவந்தாங்க, பட்டன் செல் போடற சாமான்ல பிள்ளைங்க தெறக்க முடியாத மூடி இருக்கணும்னு. இதைப் படிச்சதுல இருந்து என்னால எந்த வீட்டுக்குப் போனாலும் தரையைப் பாக்காம உக்கார முடியறதில்ல.

பொம்மைல மட்டும் இல்லடீ. கொலுவுக்கு வாங்கற எலக்ட்ரிக் அகல் விளக்கு, பாட்டு பாடற பர்த்டே கார்டு, மெரினால ரப்பர் பேண்டுல மேல விட்டா நீல லைட்டோட சுத்திக்கிட்டே இறங்குமே அது, எல்லாத்துலயும் பட்டன் செல்தான். எப்பவாவது முழுங்கிருப்பாளோன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காத, நேரா எக்ஸ்ரே வசதி இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு, பட்டன் செல்னு நீயே வாயைத் தொறந்து சொல்லு, ஏன்னா ஜொள்ளு விடறது, இருமறது, சாப்பிட மாட்டேங்கறது எல்லாம் பாக்க சாதாரண சளி மாதிரியே இருக்கும். ஒரு வயசு தாண்டின பிள்ளைன்னா போற வழில பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டு டீஸ்பூன் தேன் குடுக்கச் சொல்றாங்க, அது அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், ஆனா தேன் தேடிக்கிட்டு கெளம்பாம இருந்துடாத.

கடைல வாங்கறப்ப ISI முத்திரை பாரு. 2021 ஜனவரில இருந்து நம்ம நாட்டுல பொம்மைக்கு அது கட்டாயம், கரன்ட் பேட்டரி பொம்மைன்னா IS 15644ன்னு நம்பர் இருக்கும். பிளாட்பாரத்துல விக்கற நெறைய பொம்மைல அது இருக்காது.

சரி, ஆடற கள்ளிச்செடி பொம்மை வந்திருக்குன்னியே, அதுக்கு வரேன். குட்டிக்கும் அது வந்துச்சு, மொத நாள் அலறி அத்தை மடில ஏறிக்கிட்டான், அப்பறம் பழகிட்டான். நாம சொல்றதை கீச்சுக் குரல்ல திருப்பிச் சொல்லும், அவ்ளோதான். பிள்ளை "மா"ன்னா அதுவும் "மா"ங்கும். நீயா இருந்தா "மாடா? ஆமா மாடு, எங்க போகுது மாடு, புல்லு திங்கவா"ன்னு கேப்ப, அவ உன் மூஞ்சியைப் பாப்பா, கையை நீட்டுவா, அதுக்கு நீ இன்னொன்னு சொல்லுவ. பேச்சு அப்படித்தான வருது. அமெரிக்கால அன்னா சோசான்னு ஒரு ஆராய்ச்சியாளர் 10ல இருந்து 16 மாசக் குழந்தைங்களை வச்சு இதைப் பாத்திருக்காங்க, 2015 டிசம்பர்ல வெளியாச்சு. 26 குடும்பம்தான், சின்ன ஆய்வுதான், ஆனாலும் கேளு. புத்தகம் வச்சு விளையாடறப்ப அம்மா அப்பா நிமிஷத்துக்குச் சுமாரா 67 வார்த்தை பேசறாங்க, சாதாரண பொம்மைன்னா 56, லைட்டு சத்தம் போடற பொம்மைன்னா 40. பொம்மை பேச ஆரம்பிச்சா நாம வாயை மூடிக்கறோம், எங்க வீட்டுலயும் இதைக் கண்ணால பாத்தேன். இன்னொன்னு, அது என்ன பாட்டு பாடுதுன்னு முழுசா கேளு. 2021ல கனடால ஒரு பாட்டி வாங்கின கள்ளிச்செடி போதைமருந்து பத்தி போலிஷ்ல பாடிருக்கு, அவங்களுக்கு போலிஷ் தெரிஞ்சதால கண்டுபிடிச்சாங்க.

அதுக்காக எல்லாத்தையும் பரண்ல போடச் சொல்லல. கை கிட்ட போனா ஓடற நண்டு இருந்தா கண்டிப்பா குடு, நடக்கப் பழகற பிள்ளைக்கு அதை மாதிரி ஒண்ணு கெடையாது, குட்டி அதைத் துரத்தித்தான் சோபா கட்டில்னு புடிச்சுப் புடிச்சு வீடு முழுக்க நடந்தான், நாங்க எல்லாரும் "புடி புடி"ன்னு கத்துவோம். செவுத்துல முட்டித் திரும்பற ரயிலும் நல்லாருக்கும், ஆனா பாப்பா தரைல படுத்துக்கிட்டுப் பாக்கறப்ப சக்கரத்துல முடி சிக்கும், கிட்டயே இரு. சத்தம் ஜாஸ்தியா இருந்தா ஸ்பீக்கர் ஓட்டைல செல்லோடேப்பை ரெண்டு மடிப்பா ஒட்டிடு, கொஞ்சம் கொறஞ்சிடும், இந்த வயசுல காதுகிட்ட வச்சுத்தான் கேப்பாங்க. எடுத்து வைக்கறதுல எல்லாம் செல்லைக் கழட்டிட்டு வை, இல்லன்னா கசிஞ்சு ஸ்பிரிங்கெல்லாம் துருப்புடிச்சிடும்.

அத்தை ஊர்ப்பக்கம் அம்பாசமுத்திரத்துல மரச் செப்பு சாமான் வாங்கித் தரச் சொல்லிருக்கேன், பாப்பாவுக்கு ஒரு செட்டு உண்டு. சின்ன சின்ன கிண்ணம் கரண்டியெல்லாம் மூணு வயசுக்கு மேல குடு, இப்போதைக்குப் பெரிய பானையும் ஆட்டுக்கல்லும் மட்டும். புது வீட்டு அட்ரஸை அனுப்பு. அந்த ரயில் மூடில ஸ்க்ரூ இருக்கான்னு பாத்துட்டு நாளைக்கு எனக்குச் சொல்லு.

உன் ஹாஸ்டல் ரூம்மேட்