சுவரைப் படமெடுத்தால் போதாது, தெருவையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆள் நீங்கிய கிராமங்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்யும் இளைஞர்கள் பெருகியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் கொண்டுவருபவை பெரும்பாலும் இடிந்த சுவர்களின் படங்கள்தாம். எந்த வீட்டுக்கு எதிரே எந்த வீடு இருந்தது, சந்து எங்கே திரும்பியது என்பது அவற்றில் இருப்பதில்லை.

கூரை ஒழுகத் தொடங்கியதும், சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனைகள் உளுத்துப்போகும். கூரை விழுந்தபின் சுவரின் தலைவழியே மழைநீர் இறங்கி மண் சாந்தைக் கரைக்கும். தெருப்பக்கம் சரியும் சுவர் தெருவையும் மூடிவிடுகிறது. மண்மேட்டின் ஓரத்தையே வீட்டின் ஓரமாக எண்ணி அளந்தால், வரைபடத்தில் தெரு பாதியாகக் குறுகிவிடும். கடைக்கால் (அஸ்திவார) விளிம்பைக் கண்டுபிடித்து அங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

கைப்பேசி ஜிபிஎஸ் இதற்கு உதவாது. திறந்தவெளியிலேயே 5 மீட்டர் வரை பிசகும். சந்தின் அகலமே 2, 3 மீட்டர்தானே! 30 மீட்டர் நாடா இரண்டும் சில முளைகளும் போதும். தெரு நெடுக நேர்கோட்டில் முளை அடித்து, ஒவ்வொரு வீட்டு மூலைக்கும் இரண்டு முளைகளிலிருந்து தூரம் எடுங்கள். சரிபார்க்க மூன்றாவது முளையிலிருந்தும் ஒன்று. இரு நாடாக்களும் மூலையில் சந்திக்கும் கோணம் 30 பாகைக்குக் குறைந்தால் சிறு பிழையும் பெரிதாகும். வாசல்களின் தூரத்தை முதல் முளையிலிருந்தே தொடர்ச்சியாகக் குறியுங்கள். வீட்டுக்கு வீடு அளந்து கூட்டினால் பிழையும் கூடிக்கொண்டே போகும்.

புதரை அகற்றப் பொக்லைனைக் கூப்பிடுவதுதான் பெரிய கேடு. ஒரே நாளில் கடைக்காலும் சேர்ந்து போய்விடும். சுவரில் முளைத்த மரத்தை வேரோடு பிடுங்கினாலும் கல் பெயர்ந்து வரும். தண்டை மட்டும் வெட்டுங்கள். கால் வைக்குமுன் கம்பால் தட்டிப் பாருங்கள், புதருக்குள் பாழ்கிணறு இருக்கலாம்.

தரையில் நின்றால் தெரியாத தெரு, காலை மாலைச் சாய்வெயிலில் உயரத்திலிருந்து தெரியும். வறட்சியில் கடைக்காலின் மேல் புல் முதலில் காயும். பள்ளமாகிப்போன தெருவில் ஈரம் தங்கிப் பச்சை நிற்கும். இங்கிலாந்தில் 1500 வாக்கில் காலியான வாரம் பெர்சி கிராமத்தின் தெருவும் மனைகளும் இன்றும் புல்தரையில் மேடுபள்ளமாகத் தெரிகின்றன. அண்மைக் காலத்தில் காலியான ஊர்களுக்கு, 1960 முதல் 1972 வரை அமெரிக்கா எடுத்த 'கரோனா' உளவுச் செயற்கைக்கோள் படங்கள் (தொற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை) கைகொடுக்கும். அவற்றின் ரகசியக் காப்பு 1995இல் நீக்கப்பட்டது.

அங்கே வாழ்ந்த முதியவர்களிடம் "உங்கள் வீடு எங்கே இருந்தது?" என்பதைவிட, "தண்ணீர் எடுக்க எந்த வழியாகப் போவீர்கள்?" என்று கேளுங்கள், வழியிலிருந்த வீடுகள் வரிசையாக வரும். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்பது முக்கியம். கூட்டமாக உட்கார்ந்தால் உரக்கப் பேசுபவர் சொல்லும் ஊர்தான் வரைபடத்தில் ஏறும். அவர்கள் சொல்வதை அளந்த வரைபடத்தின் நகலில் தனி நிறத்தில் குறியுங்கள், மூலத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்