விடைத்தாளை எங்கள் கையில் கொடுங்கள்

நம் பள்ளி ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் வணக்கம்.

போன வருடம் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தேன். இப்போது பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப். எனக்குப் பின்னால் பத்தாம் வகுப்புக்கு வந்திருப்பவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். தேர்வு முடிந்து திருத்திய விடைத்தாளை அவர்களிடமே கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள்.

காலாண்டில் கணக்கில் நான் வாங்கியது 38. வகுப்பில் தாளைக் கொடுத்தார்கள். கூட்டல் சரியா என்று பார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது, திரும்ப வாங்கிக் கட்டி வைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போனது ரேங்க் கார்டு மட்டும்தான். அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "ஏன் ஆத்தா இப்படி?" என்று கேட்டார்கள். "எனக்குக் கணக்கு வரலம்மா" என்றேன். அப்படித்தான் நம்பினேன். மெல்லக் கற்போர் பட்டியலில் என் பெயர் ஏறியது. மாலை வகுப்பில் அதே புக் பேக் கணக்குகளைத் திரும்பத் திரும்ப எழுதினோம்.

அரையாண்டுக்கு முன்னால் ஒரு நாள் கணக்கு டீச்சர் அந்தப் பழைய தாளைக் கட்டிலிருந்து தேடி எடுத்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இருபடிச் சமன்பாடு. காரணிகள் வரை சரியாகப் பிரித்துவிட்டு, கடைசி வரியில் மூலங்களை எழுதும்போது கூட்டலையும் கழித்தலையும் மாற்றிப் போட்டிருந்தேன். ஒரு இடத்தில் அல்ல, அந்தத் தாளில் குறி தவறிய இடம் மட்டும் ஐந்து. "உனக்குக் கணக்கு வராம இல்ல. கடைசியில அவசரப்படுற" என்றார்கள். பத்து நிமிடம்தான். பொதுத்தேர்வில் 83 வாங்கினேன். அந்தப் பத்து நிமிடம் செப்டம்பரிலேயே கிடைத்திருந்தால் மூன்று மாதம் நான் என்னை மக்கு என்று நினைத்திருக்க மாட்டேன்.

அறிவியலிலும் இப்படித்தான். சிமெண்ட் ஈரம் காய்வதால் கெட்டிப்படுகிறது என்று ஒரு தேர்வில் எழுதினேன். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். என் அம்மா ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறார்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு நிரப்புவார்கள். சூளை கிடையாது. அடுத்து கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். ஒரு சனிக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டே, "காய்ஞ்சாத்தானே கெட்டியாகும், எதுக்கும்மா தண்ணியில போடுறீங்க?" என்று கேட்டேன். "தண்ணி குடிச்சாத்தான் கல்லு நிக்கும்" என்றார்கள். திங்கட்கிழமை அறிவியல் சாரிடம் ஓடினேன். சிமெண்ட் காய்வதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது என்று படம் போட்டு விளக்கினார். நம் ஊர்ப் பெரிய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர் வேறு மாதிரி, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி இறுகுகிறது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். வேதியியல் எனக்குப் பிடித்துப்போனது அந்தத் திங்கட்கிழமைதான்.

தமிழில் நான் முன்பே பரவாயில்லை. காரணம், தமிழ் ஐயா ஒற்றுப் பிழைகளை ஓரத்தில் எழுதிக் காட்டுவார். சமூக அறிவியல் மனப்பாடத்தில் ஓடியது. ஆங்கிலம் இன்னும் தடுமாற்றம்தான். பட்டறைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச வேண்டும், இந்த வருடத்துக்கு அது போதும்.

அப்புறம், பெரிய ஆசை ஒன்று இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரியை, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை, பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அங்கே வேதியியல் மற்றும் மின்வேதியியல் பொறியியலில் பி.டெக். இருக்கிறது. அதில் சேர வேண்டும். எங்கள் தொகுப்பு வீட்டின் கூரையில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்கிறது. துரு என்பதே ஒரு மின்வேதி வினை, அதைத் தடுக்க ஆராய்ச்சி செய்கிற இடம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

உங்கள் சிரமம் தெரியாமல் கேட்கவில்லை. ஒரு டீச்சருக்கு எத்தனை கட்டுத் தாள்கள் என்று பார்த்திருக்கிறேன். குறிப்பு எதுவும் எழுத வேண்டாம், தவறு தொடங்கும் வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதும். ஆய்வுக்குக் காட்டத் தாள்கள் பள்ளியில் இருக்க வேண்டுமென்றால் சரி, இரண்டு நாள் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பிளஸ் டூ பொதுத்தேர்விலேயே பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்க முடிகிறதே. மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும்.

என் தம்பி இப்போது பத்தாம் வகுப்பு. காலாண்டில் அறிவியலில் 44. எங்கே போச்சு என்று கேட்டேன். "தெரியலக்கா, தாளை வாங்கிக்கிட்டாங்க" என்றான். அரையாண்டுக்குள் அவன் அந்தத் தாளை ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவர வழி செய்யுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி