செயலாளரின் ஆண்டறிக்கை 2007–08: நம் ஊரில் எழுந்த பேக்கர் சுவர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கொத்தனார் அண்ணன்மார்களே, சித்தாள் சகோதரிகளே, இளம் பொறியாளர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் கணக்காண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கும். 2007-இல் அந்தத் தேதி குருத்தோலை ஞாயிறு. கோவிலுக்குப் போய்விட்டுக் கையில் ஓலையோடு வீட்டுப் படி ஏறும்போது தொலைபேசி அடித்தது. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர். "சார், பேக்கர் சார் காலையிலே போயிட்டாரு" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கருக்கு மார்ச் 2-ஆம் தேதிதான் 90 வயது நிறைந்திருந்தது.

ஆண்டின் முதல் நாளே இப்படி விடிந்ததால், நடந்த கூட்டங்களை வரிசையாக எழுதி வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. மற்ற வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. நலவாரியப் பதிவைப் புதுப்பிக்கவும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் சனிக்கிழமைதோறும் அலுவலகத்தில் ஆள் இருந்து எழுதிக் கொடுத்தோம். ரத்ததான முகாம் வழக்கம்போல் நடந்தது. சாரம் சரிந்து காலில் அடிபட்ட உறுப்பினர் இப்போது எழுந்து நடக்கிறார். அவர் குடும்பத்துக்கு உதவிய எல்லோருக்கும் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

சரி, பேக்கர் சார் விஷயத்துக்கு வருகிறேன். இளைய உறுப்பினர்களில் பலர் அவர் பெயரை மட்டும் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1917-இல் பிறந்தவர். அங்கேயே கட்டடக்கலை படித்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர் என்பதால் துப்பாக்கி எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போய்த் தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். பேக்கர் சாரின் காலில் கிடந்த துணிச் செருப்பைக் காந்தி கவனித்து விசாரித்தார் என்று சொல்வார்கள். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

1945-இல் தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்டித்தர இந்தியா வந்தார். 1948-இல் கேரளத்து டாக்டர் எலிசபெத் ஜேக்கப் அம்மாவைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு இருவரும் இமயமலைப் பக்கம் பித்தோராகரில் 16 ஆண்டுகள் இருந்தார்கள். அம்மா வைத்தியம் பார்த்தார், இவர் கட்டினார். பர்மிங்காமில் படித்த படிப்பு அந்த மலைச்சரிவில் உதவவில்லை. அந்த ஊர்க்காரர்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். பட்டம் வாங்கி வந்த ஒருவர் ஊர்க் கொத்தனாரிடம் மாணவராக இருந்தார் என்பதை நம் சங்கத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 1963-இல் கேரளத்துக்கு வந்தார். அப்புறம் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே நிலைத்துவிட்டார். கேரள முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் ஆகியோருடன் சேர்ந்து 1985-இல், ஊரக வளர்ச்சிக்கான அறிவியல் தொழில்நுட்ப மையமான காஸ்ட்ஃபோர்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1990-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவருக்கான நினைவுக் கூட்டத்தை ஏப்ரல் மாதமே நம் அலுவலகத்தில் நடத்தினோம். தலைவர் பேசினார், நானும் பேசினேன். மூன்றாவதாக நம் மூத்த மேஸ்திரியை அழைத்தோம். வாலிபத்தில் திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்ற பகுதியில் பேக்கர் சாரின் கட்டடத்தில் வேலை செய்தவர் அவர். பேச வரவில்லை என்று தலையாட்டிவிட்டு, வெளியே அடுக்கியிருந்த செங்கல்லில் ஆறு எடுத்து வரச் சொன்னார். தரையில் உட்கார்ந்தார். கலவை இல்லாமல் வெறுமனே அடுக்கிக் காட்டினார். நாம் வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கப் போட்டுக் கட்டுகிறோம். அவர் அதைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, நடுவே மூன்று அங்குலக் காலி இடம். அந்த இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒன்று. மறுபடியும் அதே மாதிரி. ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் உள்ளே கூடு. அதனால்தான் இதை எலிப்பொறிக் கட்டு என்கிறார்கள்.

நம் இளம் பொறியாளர் ஒருவர் அங்கேயே ஒரு தாளில் கணக்குப் போட்டார். செங்கல் 9 அங்குல நீளம், நாலரை அகலம், 3 கனம் என்று வைத்துக்கொண்டால், இந்த முறையில் மூன்று செங்கல் சேர்ந்து ஓரடி நீளமும் நாலரை அங்குல உயரமும் உள்ள சுவராகிறது. அதே அளவுச் சுவரைப் படுக்கைக் கட்டில் எழுப்ப நாலு செங்கல் வேண்டும். நாலில் ஒன்று மிச்சம். கலவையும் குறையும். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். தாளை எல்லோரும் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இதை அங்க போயி எத்தனை வருஷமா கட்டுறோம், நம்ம ஊர்ல ஒரு சுவர் உண்டா?"

யாரும் பதில் சொல்லவில்லை. நம் கொத்தனார்கள் எத்தனையோ பேர் விடியும் முன்பே ரயிலிலும் பஸ்ஸிலும் எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே பூச்சில்லாத செங்கல் சுவரும், ஜன்னலுக்குப் பதிலாகச் சல்லடை மாதிரி துளைவிட்ட ஜாலிச் சுவரும் அழகாகக் கட்டுகிறார்கள். ஊருக்கு வந்து தங்கள் வீட்டைக் கட்டும்போது நாலு பக்கமும் சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்து, ஏப்ரல் மாதம் உள்ளே படுக்க முடியாமல் வெளியே பாய் விரிக்கிறோம். நானும் என் வீட்டை அப்படித்தான் கட்டினேன். நல்ல ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டினேன் என்பதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

ஜூன் மாதம் உறுப்பினர்கள் ஒரு வேனில் திருவனந்தபுரம் போனோம். தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணில் படும் அந்தச் சிவப்புக் கோபுரம், பேக்கர் சார் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ், நம்மில் எல்லோரும் பார்த்ததுதான். அன்று முதல்முறையாகத் தொழில்காரர் கண்ணோடு பார்த்தோம். படிக்கட்டே கிடையாது. நடுவில் இருக்கும் வட்டத் தூணைச் சுற்றித் தரை சாய்வாக ஏறிக்கொண்டே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேஜையும் பெஞ்சும் கட்டடத்தோடு கட்டடமாகவே எழுப்பியிருக்கிறார்கள். தரை சாய்வாக இருந்தும் மேஜையில் வைத்த காபி மட்டமாக நிற்கிறது. நம் சித்தாள் சகோதரி ஒருவர் பீட்ரூட் மசால் தோசையை மறந்துவிட்டு, ஜாலித் துளைகள் ஒவ்வொரு சுற்றிலும் எப்படி ஏறுகின்றன என்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த உள்ளூர்ப் பகுதியில் கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போனோம். குன்றின் சரிவை வெட்டிச் சமன்படுத்தாமல் அது போன போக்கிலேயே பேக்கர் சார் கட்டடங்களை வைத்திருக்கிறார். சுவர் நேராக வந்து, ஒரு மரத்தைக் கண்டதும் ஒதுங்கி வளைந்து போகிறது. ஜாலி வழியாக வெளிச்சம் தரையில் புள்ளி புள்ளியாக விழுவதைப் பார்த்ததும் எனக்கு நம் பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்ட ஜன்னல்கள்தான் நினைவுக்கு வந்தன. உள்ளே இருப்பவருக்குக் காற்றும் வெளிச்சமும் வரும், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. அந்த வித்தை நம் வீட்டு வாசலிலேயே இருந்திருக்கிறது.

வேனில் திரும்பும்போது மூத்த மேஸ்திரி தன் பையிலிருந்து பாலித்தீன் உறையில் சுற்றிய ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். கட்டடச் செலவைக் குறைப்பது பற்றி பேக்கர் சார் தன் கையாலேயே எழுதிப் படம் வரைந்து வெளியிட்டது. ஓரமெல்லாம் சாந்துக் கறை. மேஸ்திரிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இப்படிக் கட்டினால் வீண், இப்படிக் கட்டினால் மிச்சம் என்று படம் பேசுகிறது. வேலையிடத்துக்கே வந்து, பயன்படுத்திய தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டுவார், தேவைப்பட்டால் தானே செங்கல்லை எடுத்து வைத்துக் காட்டுவார் என்று மேஸ்திரி வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். பொறியாளருக்கு மட்டும் புரியும் வரைபடத்தை நீட்டிவிட்டுப் போகாமல் நம்மோடு மண்ணில் நின்றவர் அவர். எனக்கு அவரைப் பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான்.

ஆகஸ்ட் செயற்குழுவில், அலுவலகத்தின் பின்புறம் தளவாட அறை ஒன்றை அவர் முறையில் நாமே கட்டுவது என்று தீர்மானித்தோம். 12 அடிக்கு 10 அடி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை, கூலி கிடையாது. முதல் ஞாயிறு இளைஞர்கள் வேகமாக மூன்று வரி ஏற்றிவிட்டார்கள். மேஸ்திரி டார்ச் அடித்துக் கூட்டுக்குள் பார்த்தார். பாதிக்கு மேல் கலவை விழுந்து அடைத்திருந்தது. காலியாக இருக்க வேண்டிய இடம் அடைந்துவிட்டால் சிக்கனமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. மறுபேச்சில்லாமல் பிரித்தோம். அடுத்த வாரம் மூன்று அங்குல ரீப்பர் மரச்சட்டம் ஒன்றை இடைவெளியின் மேல் வைத்து, இரண்டு பக்கமும் கலவை பரப்பிய பிறகு ரீப்பரை உருவினோம். அதன்பின் ஒரு கரண்டி கலவைகூட உள்ளே விழவில்லை. அடி வரியையும், ஜன்னலுக்குக் கீழும் மேலும் வரும் வரிகளையும் கூடு விடாமல் அடைத்தே கட்ட வேண்டும் என்பதையும் அன்று எல்லோரும் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டார்கள்.

கூரைக்குப் பழைய மங்களூர் ஓடுகள். இடிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். காங்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே உள்ள காங்கிரீட்டில் பெரும்பகுதி சும்மா பாரமாகத் தொங்குகிறது. அதனால் கம்பிகளுக்கு இடையே இரண்டிரண்டு ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நன்றாக நனைத்துவிட்டு மேலே காங்கிரீட் போட்டோம். சென்ட்ரிங் பலகையைப் பிரித்த அன்று உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தோம். சிவப்பு ஓடுகள் கட்டம் கட்டமாக, பூச்சு வேண்டாத மேற்கூரை. மேஸ்திரி மட்டும் பார்க்கவில்லை, வெளியே போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் அறை நின்றது. உட்பக்கம் பொதுவாகக் காய்ந்தே இருந்தது. இரண்டு இடத்தில் குறுக்குச் செங்கல் வழியே ஈரம் கசிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இடங்களில் இணைப்பைச் சுரண்டிவிட்டு மீண்டும் கலவை அடைத்துப் பாயின்டிங் செய்தோம். அதற்குப் பிறகு பெய்த மழையில் கசியவில்லை.

ஒரு வருத்தமும் உண்டு. உறுப்பினர் ஒருவர் தன் வீட்டை இதே முறையில் கட்ட வரைபடம் கொடுத்தபோது, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் பூச்சில்லாத சுவர் பாதி வேலை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கணக்கோடும் புகைப்படங்களோடும் மறுபடி மனு கொடுத்திருக்கிறோம். அறையை நேரில் வந்து பார்க்கவும் அழைத்திருக்கிறோம். பதில் வரும்வரை விடப்போவதில்லை.

பேக்கர் சாரின் படத்தை அலுவலகத்தில் மாட்டலாம் என்று சிலர் கேட்டார்கள். மாட்டியிருக்கிறோம், தளவாட அறைக்குள்ளே. கரண்டியும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் தொங்கும் சுவரில், அவற்றுக்குப் பக்கத்தில்.

வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு ஜாலிச் சுவர்ப் பயிற்சி. அவரவர் கரண்டியை அவரவர் கொண்டு வர வேண்டும். சித்தாள் சகோதரிகளும் இந்த முறை கரண்டி பிடிக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கமே வாங்கி வைத்திருக்கிறது. செங்கல் சனிக்கிழமை மாலையே வந்துவிடும். பூச்சில்லாத சுவரில் உடைந்த விளிம்பு அப்படியே தெரியும் என்பதால், லாரியிலிருந்து கொட்டாமல் கைமாற்றி இறக்க ஆறு பேர் 5 மணிக்கே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்