ஒற்றைப் பாயா, இரட்டைப் பாயா?

மதுரை
ஆவணி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் வலி பழையபடிதான். நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. போனில் கூப்பிட்டால், "சந்தையில் நிற்கிறேன் அம்மா, ஒரே சத்தம், பிறகு பேசுகிறேன்" என்கிறாய். அந்தப் பிறகு இரண்டு மாதமாக வரவில்லை. காகிதத்துக்குச் சந்தைச் சத்தம் கேட்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையைப் பார்க்க வேண்டும் என்று உன் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். பாவம், நடக்கவில்லை. அவர் பேத்தி போய்விட்டாள் என்று தெருவில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன். வெள்ளைக் குதிரையோடு நீ நிற்கும் படத்தைவிட, செவலையில் வெள்ளைத் திட்டு விழுந்த அந்தப் பர்கூர் மாட்டின் படம்தான் அப்பாவுக்குப் பிடித்தது. அவர் ரசனை உனக்குத் தெரியாததா? குதிரைப் படத்தை எடுத்தது யார்? சும்மா கேட்கிறேன்.

மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு விடியற்காலையில் போய் இறங்கினாயாமே. அந்த நேரத்தில் பஸ் நிலையத்தில் பெண்பிள்ளை நிற்கலாமா? பணத்தைப் பிரித்து வை, பையை முன்பக்கம் மாட்டிக்கொள், எந்த ஊரானாலும் இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடு. அங்கே தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தாய். இதில் என்ன ஆச்சரியம்? நம் வீட்டில் எல்லாப் பேச்சும் துண்டுக்கு அடியில்தானே நடக்கிறது.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம். கைவினைக் கண்காட்சியில் வாங்கினேன் என்று ஒரு சுங்குடிச் சேலையின் படம் அனுப்பியிருந்தாய். அது அச்சு. படத்திலேயே தெரிகிறது, எல்லாப் புள்ளியும் அளந்து வைத்ததுபோல் ஒரே அளவு. தெற்குவாசலில் சௌராஷ்டிரப் பாட்டி வீட்டுத் திண்ணையில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சுக் கட்டியவள் நான். துணியை மடித்து, நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் படபடவென்று நூல் தெறித்துப் புள்ளி பூக்கும். ஒரு புள்ளி போல் இன்னொன்று இராது. தொட்டால் துணி சுருங்கிச் சுருங்கி விரலில் தட்டும். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கொடுத்து என்ன, கட்டத்தான் ஆள் இல்லை. சுங்குடி கட்டியவள் மகளே அச்சுச் சேலையை வாங்கினால் ஊரைச் சொல்லி என்ன பயன்? போகட்டும், அந்த நிறம் உனக்கு எடுப்பாக இருக்கும்.

மானாமதுரையில் கடம் வாங்கினால் தட்டிப் பார்த்து வாங்கு. காரைக்குடியில் ஓலைக் கொட்டான் சின்னதாக எனக்கு ஒன்று, வெற்றிலை வைக்க. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வேண்டாம். எத்தனை முறை தள்ளினாலும் எழுந்து நிற்கும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். அதை எதற்கு அத்தனை முறை தள்ள வேண்டும்?

பத்தமடையில் பாய் வாங்கினேன் என்று ஒரே வரி எழுதியிருந்தாய். ஒற்றைப் பாயா, இரட்டைப் பாயா?

விலைக்காகக் கேட்கவில்லை. சென்ற வாரம் பரணை ஒழித்தேன். உன் கல்யாணத்துக்குச் சொல்லிவைத்து நெய்த பட்டுப்பாய் அங்கே இருந்தது. தாமிரபரணித் தண்ணீரில் கோரையை ஊறவைத்து, நூல்போலக் கீறி நெய்தது. துணிபோல மடிகிறது, இன்னும் ஓர் இழை விடவில்லை. ஓரத்தில் உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் அப்படியே இருக்கின்றன. தைக்கு வந்தபோது "வீட்டில் இடம் இல்லை அம்மா" என்று நீதான் கொண்டுவந்து வைத்தாய். மூன்று அறை வீட்டில் ஒரு பாய்க்கா இடம் இல்லை என்று நான் கேட்கவில்லை. அன்று இரவு அடுப்படியில் வந்து நின்றாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் பொங்கல் பானை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, நீ படுக்கப் போகும்வரை நிறுத்தவில்லை.

இது முதல் தடவையும் அல்ல. தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சிக்குப் போனோமே, நிச்சயத்துக்கு முந்தின வாரம். ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கும்போது, டெல்லி அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, எனக்கு மனசு ஒப்பவில்லை, கொஞ்ச நாள் போகட்டுமே" என்றாய். ஒலிபெருக்கிச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று அன்று தலையாட்டினேன். பிறகு நீ கேட்டபோதும் அதையே சொன்னேன். விழுந்தது, பாப்பா. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, உன் பெரிய அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்று அந்த வரிசையிலேயே கணக்குப் போட்டேன். ராட்டினத்தில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே போனதும் மீனாட்சி கோபுரத்தைக் காட்டினேன். நீ பார்க்கவில்லை.

அப்பாவுக்கு இது தெரியாது. நேற்றுச் சொல்லலாம் என்று நினைத்தேன், முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது. சொல்லவில்லை.

விளாச்சேரியில் கொலு பொம்மைகளுக்கு வண்ணம் பூசத் தொடங்கிவிட்டார்கள். இந்த வருடம் செட்டியார் பொம்மை புதிதாக வாங்க வேண்டும், பழையதற்கு மூக்கு போய்விட்டது. நீ வந்தால் சேர்ந்து போய்ப் பார்த்து வாங்கலாம். பட்டுப்பாயைப் பரணில் வைக்கவில்லை, அரிக்கும். என் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதை நீ பார்க்க வேண்டியதில்லை. புதுப் பாயைக் கையோடு எடுத்து வா. ஒற்றைப் பாய் என்றால் என் பக்கத்தில் விரிக்க இடம் இருக்கிறது.

மாட்டுத்தாவணிக்கு எத்தனை மணிக்கு வந்தாலும் அப்பா வந்து நிற்பார். ஆனாலும் இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடு.

அம்மா