சிவக்காத தோல்

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனில் சொன்னதுதான் ராத்திரி முழுக்க மனசில் ஓடியது. "சிவப்பு இல்லை, லேசான அரிப்பு" என்று எழுதி இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட அந்தக் கறுப்பினப் பெண்மணிக்கு, முழங்கால் மடிப்பில் நீ கை வைத்தபோது சூடாக, தடித்துக் கிடந்தது என்றாயே.

நான் தோல் வார்டில் வேலை பார்த்த காலத்திலேயே இதே கதைதான். புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் 'சிவந்த தடிப்பு'. படத்தில் இருப்பது வெள்ளைக்காரத் தோல். நம் ஜனங்களுக்கு அப்படி எங்கே சிவக்கிறது? ஊதாவாகும், கருக்கும், சில சமயம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். எங்கள் பெரிய டாக்டர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம், "கண்ணை நம்பாதே, புறங்கையை வை" என்பார். நீ அவரைப் பார்த்ததில்லை. ஆனால் செய்தது அதைத்தான்.

1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர், வெயில் பட்டால் தோல் எப்படி மாறும் என்று பார்த்து வகை பிரித்தபோது முதலில் நான்கு வகைதான். நம்மைப் போன்றவர்களுக்கான ஐந்தும் ஆறும் பிறகு சேர்ந்தவை. அமெரிக்க மக்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் இருக்க, தோல் டாக்டர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் என்று நீ அனுப்பிய கட்டுரையில் படித்தேன். நம்மூர் டாக்டர்கள் அங்கே ஏராளம். அதனால் நம் நிறமும் கறுப்புதானே, அவர்கள் பாடு நமக்குத் தெரியும் என்று மட்டும் நினைத்துவிடாதே.

நீ இருக்கும் ஃபிலடெல்பியாவிலேயே ஹோம்ஸ்பர்க் சிறை இருந்தது. 1951 முதல் 1974 வரை, பெரும்பாலும் கறுப்பினக் கைதிகளின் முதுகில் தோல் டாக்டர் கிளிக்மன் மருந்துகளைப் பூசிச் சோதித்தார். அவர்களுக்குக் கிடைத்தது சில டாலர். அவர் வேலை பார்த்த பென்சில்வேனியா பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டதே 2021-இல்தான். டிரெட்டினாயினும் அங்கே சோதிக்கப்பட்டதுதான். பிளஸ் டூவில் உன் பருவுக்கு நான் தேடித்தேடி வாங்கித் தந்த களிம்பு! அந்தம்மா ஆராய்ச்சி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று குறைப்பட்டாயே, அவர் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லியே வளர்த்திருப்பார்கள்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் குழைத்து, நீ அழ அழத் தேய்த்தவள்தானே. நாள் முழுக்க வார்டில் கறுத்த உடம்புகளைத் தொட்டுவிட்டு வந்து, சாயங்காலம் உன்னை வெளுக்க வைக்கப் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

லண்டனில் முக்வெண்டே என்ற மாணவர் 2020-இல் கறுத்த தோலில் நோய் எப்படித் தெரியும் என்று படங்களைச் சேர்த்துக் கையேடு போட்டாராமே. அந்தம்மா அடுத்த முறை வரும்போது, எதற்கென்று விளக்கிச் சொல்லிவிட்டு, சம்மதித்தால் ஒரு படம் எடுத்து வை. வேண்டாம் என்றால் விட்டுவிடு. மருந்தை மட்டும் ஒழுங்காகக் கொடு.

பருப்புப்பொடி பார்சல் வந்து சேர்ந்ததா? அங்கே குளிருக்கு உன் கை வெடித்திருக்கும். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படு.

அம்மா