கோர்ட்டில் இடம் கொடுத்தவர்களுக்கு

மடிப்பாக்கம் குடியிருப்பு உறவுகளுக்கும், வெளியிலிருந்து எங்களோடு ஆட வருகிறவர்களுக்கும் வணக்கம்.

63 வயதில் ஓய்வூதியக்காரி ஒருத்தி பிக்கிள்பால் என்கிற விளையாட்டுக்காகப் பேட்டும் கையுமாக லிஃப்டிலிருந்து இறங்குவதை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "ஆன்ட்டி, இன்னிக்கு ஆள் சேர்ந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். இந்த நிலைமை தானாக வந்துவிடவில்லை. நேரில் நன்றி சொன்னால் "அட போங்க, இதுக்குப் போயி" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதியே விடுகிறேன்.

பேட்டைக் கொண்டுவந்தவன் சியாட்டிலில் இருக்கும் என் தங்கை மகன். பிக்கிள்பால் பிறந்த பெய்ன்பிரிட்ஜ் தீவு அவன் ஊரிலிருந்து படகில் போகிற தூரம்தான். 1965 கோடையில் ஜோயல் பிரிட்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் என்ற மூன்று பேர் அங்கே இதை உருவாக்கினார்கள். லீவில் பொழுது போகாத பிள்ளைகளுக்காக ஒரு பழைய பாட்மின்டன் கோர்ட்டில், டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஆரம்பித்த விளையாட்டு. "நம்ம கீழயும் கோர்ட் இருக்கே பெரியம்மா, என்ன யோசனை?" என்றான். நான் பள்ளியில் டென்னிகாய்ட் ஆடியவள் என்பதை என் தங்கை அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு நன்றி.

கோர்ட் என்னவோ இருந்தது, ஆனால் சும்மா இல்லை. ஷட்டில் ஆடும் ஐடி பையன்கள் காலை நேரத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். அசோசியேஷன் செகரட்டரி கூட்டம் போட்டுப் பேசலாம் என்றார். கூட்டம் போட்டிருந்தால் இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருப்போம். அந்தப் பையன்களே வந்து, "செவ்வாய், வியாழன், ஞாயிறு நீங்க எடுத்துக்குங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தம்பிகளா, நன்றி.

கோடு போட்ட எலக்ட்ரீஷியன் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். ஷட்டில் டபுள்ஸ் கோர்ட்டும் இதுவும் ஒரே அளவு, 44 அடிக்கு 20 அடி. 5 அடி உயரத்தில் இருக்கும் நெட்டை இறக்கி, ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் என்று கட்ட வேண்டும். அப்புறம் நெட்டிலிருந்து இரண்டு பக்கமும் 7 அடியில் ஒரு கோடு. அதற்கு உள்ளே இருப்பதைக் கிச்சன் என்பார்கள். அங்கே நின்றுகொண்டு பந்தைத் தரையில் படாமல் அடிக்கக் கூடாது. ஷட்டிலுக்கு ஏற்கெனவே ஆறரை அடியில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. அரை அடிதானே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் எல்லோரும் ஒத்துப்போய்விட்டோம். அந்தத் தம்பி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அளவுன்னா அளவு மேடம்" என்று டேப்பை ஒரு முனையில் வாட்ச்மேன் அண்ணனைப் பிடிக்கச் சொல்லி, சாக்பீஸால் புள்ளி வைத்து, நூல் கட்டி, மஞ்சள் டேப்பை ஒட்டி முடித்தார். கத்திரி வெயிலில் அது உரிந்து வந்தபோது, கேட்காமலே பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றார். காசு கொடுத்தபோது பெயின்டுக்கு மட்டும்தான் வாங்கிக்கொண்டார்.

எனக்குச் சர்க்கரை உண்டு, வலது முழங்கால் கொஞ்சம் தகராறு. குடும்ப டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடப் போகும் முன் சர்க்கரை பார்க்கச் சொன்னார், பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடலை மிட்டாய் போதாதா என்று கேட்டேன். அதில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், தலை சுற்றும்போது காத்திருக்க முடியாது என்றார்.

பிசியோதெரபிஸ்ட் பெண் இன்னும் கறார். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வைத்தாள், ஒற்றைக் காலில் நிற்க வைத்தாள், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்க வைத்தாள். இதெல்லாம் சரியாக வந்த பிறகுதான் கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள். பந்து தலைக்கு மேலே போனால் முகம் முன்னால் பார்க்கக் கால் பின்னால் ஓடக் கூடாது என்பது அவள் சட்டம். வயதானவர்கள் பின்பக்கமாகச் சாய்ந்து கை ஊன்றி விழுந்து மணிக்கட்டு எலும்பை உடைத்துக்கொள்வது அப்படித்தானாம். உடம்பைத் திருப்பி ஓடு, இல்லையா, பாயின்ட் போனால் போகட்டும். வாக்கிங் ஷூவையும் அவள்தான் மாற்றச் சொன்னாள். அது நேராக நடக்கத்தான், பக்கவாட்டில் கால் வைத்தால் பிடிப்பு இருக்காது, மடங்கிவிடும். என் வயதில் ஆட நினைக்கிற யாரும் பேட் வாங்கும் முன் ஷூ வாங்குங்கள்.

தெருமுனைத் தையல்கார அக்கா என் சுடிதார் பேன்ட்டில் பந்து போகிற அளவுக்குப் பாக்கெட் வைத்துக் கொடுத்தார். ஹவுஸ்கீப்பிங் அம்மா விடிவதற்குள் பாதாம் இலைகளைக் கூட்டித் தள்ளிவிடுகிறார். மார்கழிப் பனியில் அந்த இலைமேல் கால் வைத்துப் பார்த்தால்தான் அவர் அருமை தெரியும்.

இனி, ஆட்டத்துக்கு வருகிறேன். சர்வீஸைக் கீழிருந்துதான் போட வேண்டும் என்பதால் தோள்பட்டைக்குச் சிரமமில்லை. சர்வீஸ் வந்ததும் எதிராளி ஒரு முறை தரையில் பட விட்டு அடிக்க வேண்டும், அது திரும்பி வரும்போது நாமும் அப்படியே. எடுத்த எடுப்பிலேயே யாரும் பாய்ந்து வந்து அறைய முடியாது. 11 பாயின்ட் ஆட்டம், இரண்டு வித்தியாசம் வேண்டும். ஆனால் ஸ்கோரை மூன்று எண்ணாகச் சொல்ல வேண்டியதை ஏன்தான் வைத்தார்களோ! நம் பாயின்ட், அவர்கள் பாயின்ட், சர்வீஸ் போடுவது முதல் ஆளா இரண்டாவது ஆளா. 'ஜீரோ ஜீரோ டூ' என்று ஆரம்பிக்கிற கணக்கை எனக்குப் புரிய வைத்த ஐந்தாம் வகுப்பு படிக்கும் சி பிளாக் குட்டி வாத்தியாருக்கு நன்றி, ஐஸ்கிரீம் பாக்கி இருக்கிறது.

டென்னிகாய்ட் கை வேறு. பந்து இடது பக்கம் வந்தால் வளையம் பிடிக்கிற மாதிரி கை தானாக நீண்டு பிடித்துவிடும், பாயின்ட் அவுட். "பிடிக்காதீங்க ஆன்ட்டி!" என்று மொத்தக் கோர்ட்டும் கத்தும். சிரித்தாலும் யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

ஆரம்பத்தில் எல்லோரும் எனக்குப் பூப் போல எடுத்துக் கொடுத்தார்கள். மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஆட்டம் இல்லை. நாலாவது மாடிக் கல்லூரிப் பெண் ஒருத்திதான் முதன்முதலாக என் காலடியில் பளாரென்று ஒன்று இறக்கினாள். கோர்ட்டே அமைதியாகிவிட்டது. அவள் "சாரி ஆன்ட்டி" என்றும் சொல்லவில்லை, அடுத்த சர்வீஸுக்குப் போய்விட்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் டிங்க் பழகினேன். கிச்சன் கோட்டருகே நின்று, நெட்டைத் தாண்டி மெல்ல விழுகிற மாதிரி பந்தை இறக்கிக்கொண்டே இருப்பது. பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். அவளுக்குப் பலம் உண்டு. கண்ணு, இதை உனக்கென்று தனியாக எழுதுகிறேன். என்னை எதிராளியாக நினைத்து அடித்தாய் பார், அதற்கு நன்றி. தொடர்ந்து அப்படியே அடி.

கடைசியாக, ஒரு நாளும் பேட்டைத் தொடாத ஒருவருக்கு. கோர்ட்டை ஒட்டிய முதல் மாடி வீட்டு அம்மா. ஷட்டிலுக்குச் சத்தம் கிடையாது. இந்தப் பந்து பேட்டில் படும்போது டொக் டொக்கென்று சுவரில் மோதி எதிரொலிக்கும். படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் இறங்கி வந்து, "சத்தம் தலைக்குள்ளயே அடிக்குதுங்க" என்றார். புகார் எழுதியிருந்தால் கோர்ட்டையே மூடியிருப்பார்கள். அவர் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசினார். காலை ஆறரைக்கு முன் வேண்டாம், மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை வேண்டாம், பயிற்சிக்கு ஸ்பாஞ்ச் பந்து என்று முடிவானது. சாயங்காலம் கடற்காற்றில் பந்து இழுத்துக்கொண்டு போய் அவர் பால்கனியில் விழும்போதெல்லாம் எடுத்துப் போடுவதும் அவர்தான். அம்மா, எங்கள் ஆட்டத்துக்கு நீங்கள் கொடுக்கிற விலை எனக்குத் தெரியும். நேரம் மீறி யாராவது ஆடினால் எனக்கு ஒரு போன் போடுங்கள், நான் இறங்கி வந்து நிறுத்துகிறேன்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடக்காமலேயே இதைப் படித்துவிட்டு, "நான் போடுற காபியக் காணோமே" என்கிறார். சேர்த்தாகிவிட்டது.

அன்புடன்,
பி பிளாக், இரண்டாம் மாடி

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் விட்டுப்போன நீலத் தண்ணீர் பாட்டில் வாட்ச்மேன் அறையில் இருக்கிறது. உரியவர் வாங்கிக்கொள்ளவும்.