பேத்தியை அழைத்து வா

கொழிஞ்சாம்பாறை

அன்பு மகளுக்கு,

அப்பாவின் கொப்புளம் குழந்தைக்குத் தொற்றிவிடுமோ என்று பயந்து பயணத்தைத் தள்ளிப்போடப் போவதாக மாப்பிள்ளை சொன்னார். தொற்றாது, கண்ணு. இது கிருமியால் வந்த நோயே அல்ல. போனில் பேசினால் பாதி விட்டுப்போகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வெறும் அரிப்புதான். இரவெல்லாம் தூங்காமல் சொறிந்துகொண்டிருப்பார். பிறகு தொடையிலும் வயிற்றிலும் நெல்லிக்காய் அளவில் கொப்புளங்கள் எழும்பின. உள்ளே தெளிந்த நீர். தோல் விறைத்து நிற்கும், தொட்டால் சட்டென்று உடையாது. அக்கம்பக்கத்தார் அக்கி என்றார்கள், குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அக்கி என்றால் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும். இவருக்கோ இரண்டு பக்கமும். அதைப் பார்த்துத்தான் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனேன்.

தோல் டாக்டர் ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புல்லஸ் பெம்பிகாய்டு என்று வந்தது. மேல்தோலை அடித்தோலோடு சேர்த்துப் பிடிக்கும் புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பகையென்று நினைத்துத் தாக்குகிறதாம். பிடி விட்ட இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது.

பிறகு மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தவர், சர்க்கரைக்குப் போடும் வில்டாகிளிப்டின் மேல் விரலை வைத்தார். அந்த வகை மாத்திரை சிலருக்கு இந்த நோயைக் கிளப்பிவிடுமாம். தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால் யாருக்கும் சந்தேகமே எழுவதில்லை. 2019 இறுதியில் அதன் காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின் எத்தனையோ பெயர்களில் விற்கிறது, மெட்பார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தோடு கலந்தும் வருகிறது. பாலக்காட்டுக் கடையில் ஒரு பெயர், பொள்ளாச்சியில் வேறு பெயர், உள்ளே இருப்பது ஒன்றே. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் இனி இந்த வீட்டுக்குள் ஒரு மாத்திரையும் வராது.

அதை நிறுத்தி வேறு சர்க்கரை மருந்து கொடுத்திருக்கிறார். கூடவே தோலில் பூச குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பு, விழுங்க ஸ்டீராய்டு மாத்திரை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். தினமும் விரலில் குத்திப் பார்க்கிறேன். புதுக் கொப்புளம் எழும்புவது நின்றுவிட்டது.

உன் மாமியாரும் இந்த மாத்திரைதான் போடுகிறார். பயந்துபோய்த் தானாக நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்; பெரும்பாலோருக்கு இது ஒன்றும் செய்வதில்லை. காரணம் தெரியாத அரிப்பு வந்தால் மட்டும் அட்டையோடு டாக்டரிடம் போகட்டும்.

பேத்தி தாராளமாகத் தாத்தா மடியில் ஏறலாம், களிம்பு பூசிய நேரம் மட்டும் வேண்டாம். வரும்போது அவருக்கு மெல்லிய பருத்தி பனியன் நான்கு எடுத்து வா. தையல் உறுத்தக் கூடாது, ஒரு அளவு பெரிதாகவே இருக்கட்டும்.

அம்மா